இவான் டெமிடோவ் மாதிரி போக்கரையே தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா?

முடியும். பிழைக்கிற ஒருத்தனை எனக்கு 18 வருடமாகத் தெரியும். ஆனால் நீங்கள் கேட்க வந்தது அதுவல்ல என்று நினைக்கிறேன்.

கேட்டவர் அண்ணனா அக்காவா தெரியவில்லை. கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. தம்பி இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், கல்லூரியை விடப்போகிறேன் என்கிறான், "ரஷ்யாக்காரன் ஒருத்தன் ஒரே போட்டியில 58 லட்சம் டாலர் அடிச்சான்" என்று டெமிடோவ் கதையைக் காட்டுகிறான், அம்மா சாப்பிடாமல் இருக்கிறார். இவ்வளவுதானே? அந்த டெமிடோவ் கதையால் நானும் ஒருமுறை அடிவாங்கியிருக்கிறேன். அதனால்தான் நைட் டியூட்டிக்கு நடுவில் உட்கார்ந்து இதை டைப் பண்ணுகிறேன்.

முதலில் அந்த ஆளைப் பற்றி. 2008இல் லாஸ் வேகஸில் நடந்த உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், உட்கார்ந்தவர்கள் 6,844 பேர். பரிசு 666 பேருக்கு. மீதி ஆறாயிரத்துச் சொச்சம் பேர் பத்தாயிரம் டாலரைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். உங்கள் தம்பி அந்த ஆறாயிரம் பேரில் ஒருவர் பெயரைச் சொல்வானா, கேட்டுப் பாருங்கள். ஜூலையில் கடைசி ஒன்பது பேர் மிஞ்சியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நவம்பரில் தொடர்ந்தார்கள். டிவிக்காக அந்த வருடம்தான் முதன்முதலாக அப்படிச் செய்தது. டெமிடோவ் சிப்ஸ் கணக்கில், அதாவது பணத்துக்குப் பதில் மேசையில் வைத்து ஆடுகிற வில்லைகளின் கணக்கில், இரண்டாம் இடத்தில் இருந்தார். நடுவில் கிடைத்த மாதங்களில் ஆள் சும்மா இருக்கவில்லை. லண்டனில் நடந்த ஐரோப்பியத் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போய் 362 பேரில் மூன்றாவதாக வந்து 3,34,850 பவுண்டு வாங்கினார். ஒரே வருடத்தில் இரண்டு முதன்மைப் போட்டிகளிலும் கடைசி மேசைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். இதைச் சொல்வதற்குக் காரணம், "எல்லாம் லக்கு சார்" என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும் என்பதற்காக. குருட்டு அதிர்ஷ்டம் ஒரே வருடத்தில் வேகஸுக்கும் லண்டனுக்கும் கூடவே விமானம் ஏறி வராது.

நவம்பரில் அவர் இரண்டாவதாக வந்தார். 58,09,595 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 27 கோடி ரூபாய்.

இனி என் கதை. அதைச் சொல்லத்தானே வந்தேன்.

நான் டாக்டருக்குப் படித்தது ரஷ்யாவில், த்வேர் நகரத்தில். மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் போகும் ரயில் பாதையில் 170 கிலோமீட்டர் தள்ளி, வோல்கா கரையில் இருக்கிற ஊர். எனக்கு உடற்கூறியல் வாய்மொழித் தேர்வுக்கு ரஷ்ய மொழி வேண்டியிருந்தது. அங்கே கணிதம் படித்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் நான் அவனுக்கு, அவன் எனக்கு என்று ஒப்பந்தம். அவனுக்கு எதற்கு ஆங்கிலம் என்றால், போக்கர் கட்டுரைகள் படிக்க. அந்தக் காலத்தில் நல்ல சமாச்சாரமெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆக, எலும்பின் பெயர்களை அவன் எனக்கு விளக்க, எந்தச் சீட்டை எப்போது போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும் என்பதை நான் அவனுக்கு மொழிபெயர்த்தேன். போக்கர் எனக்குள் வந்தது இப்படித்தான். சகவாச தோஷம் என்று யாராவது எழுதினால் அந்தக் கமெண்டை நீக்கிவிடுவேன். அவன் என்னை ஒருநாளும் ஆடச் சொன்னதில்லை.

அவன் பாட்டியோடு ஐந்து மாடிப் பழைய குடியிருப்பில் இருந்தான். பாட்டிக்கு அவன் தொழில் பிடிபடவே இல்லை. "ராத்திரி முழுக்க எலியை அமுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்" என்பார். மவுஸைத்தான் சொல்கிறார். அவன் ஆடும்போது நானும் பாட்டியும் சமையலறையில் 'துராக்' ஆடுவோம். 36 சீட்டில் ஆடுகிற ரஷ்ய வீட்டு ஆட்டம். அதில் ஜெயித்தவன் என்று ஒருவன் கிடையாது. எல்லோரும் சீட்டைத் தீர்த்துவிட்டு எழுந்து போக, கடைசியில் கையில் சீட்டோடு மிஞ்சுகிறவன் துராக், அதாவது முட்டாள். இரண்டு வருடத்தில் நான் எத்தனை முறை முட்டாள் ஆனேன் என்பதற்குக் கணக்கு இல்லை. துருப்புச் சீட்டு எது போச்சு எது இருக்கு என்று அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

அவன் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்குத் தூக்கம் வரும். கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் எட்டு மேசை திறந்திருக்கும். மணிக்கு 600 கை வரும், அதாவது 600 முறை சீட்டு விழும். அதில் பத்தில் எட்டை அப்படியே போட்டுவிடுவான். அரை டாலர் பிளைண்ட் ஆட்டம், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே முறை வைத்துக் கட்டுகிற கட்டாயப் பந்தயம் அரை டாலர். நூறு கைக்குச் சராசரியாக நாலு பிளைண்ட் லாபம், அதாவது இரண்டு டாலர். மணிக்குப் பன்னிரண்டு. இதுபோக, ஆட்டம் நடத்துகிற இணையதளம் ஒவ்வொரு கையின் பந்தயப் பணத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிற கமிஷனில் (ரேக்) கொஞ்சம் திருப்பித் தரும். மேசைக்கு மேலே ஒரு கோடு போட்ட நோட்டு. தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை கை, கூட்டல் கழித்தல், கடைசியில் 'தூக்கம்' என்று ஒரு கட்டம். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போன நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருப்பான். தொடர்ந்து மூன்று வாரம் நஷ்டத்தில் ஓடியதையும் அந்த நோட்டில் பார்த்திருக்கிறேன். கேட்டால் ஒரே வார்த்தை: "டிஸ்பெர்சியா." புள்ளியியலில் வருகிற அதே பரவல்தான். ரஷ்ய போக்கர்காரர்கள் நம் ஊரில் 'விதி' என்பதுபோல அந்த வார்த்தையைச் சொல்வார்கள். ஒரு ஜோடி ஏஸ் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஜோடி ராஜாவோடு மோதினால்கூட நூற்றுக்குப் பதினெட்டு தடவை தோற்க வேண்டியதுதான். சரியாக ஆடியும் தோற்கிற அந்தப் பதினெட்டைத் தாங்குகிறவன்தான் அந்தத் தொழிலில் நிற்பான்.

2008 நவம்பர் 11, செவ்வாய். வேகஸில் நடுராத்திரி, எங்களுக்குக் காலை. நேரடி ஒளிபரப்பு கிடையாது. ஒரு இணையதளத்தில் ஒவ்வொரு கையாக எழுத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள், நாம் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் வகுப்புக்கு மட்டம். அந்தச் சின்ன அறையில் ஏழு பேர். பாட்டி வந்து வந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரில் ஆடியது 22 வயசு டேனிஷ்காரர் பீட்டர் ஈஸ்ட்கேட். ஒரு கட்டத்தில் நம்ம ஆள் முன்னால் இருந்தார், அப்புறம் சரிந்தார்.

கடைசிக் கை எனக்கு இன்னும் மனப்பாடம். டெமிடோவ் கையில் ஆட்டின் நாலும் ரெண்டும். ஈஸ்ட்கேட் கையில் ஏஸும் அஞ்சும். மேசையில் இருவருக்கும் பொதுவாக முதலில் விழுந்தது ரெண்டு, ராஜா, மூணு. அடுத்து ஒரு நாலு. அந்த நாலு டெமிடோவுக்கு இரண்டு ஜோடியாக்கிக் கொடுத்தது. அதே நாலுதான் எதிராளிக்கு ஏஸிலிருந்து அஞ்சு வரை வரிசையை முடித்துக் கொடுத்தது. ஒரே சீட்டு இரண்டு பேரையும் சிரிக்க வைத்தது. கடைசியாக ஒரு ஏழு வந்தது. எல்லா சிப்ஸும் நடுவில் போனது. பக்கத்தைப் புதுப்பித்தோம், முடிந்திருந்தது. அறையில் யாரும் பேசவில்லை. என் நண்பன் மட்டும் நோட்டை எடுத்து அந்தக் கையை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்றவர்களுக்கு அன்றைக்குத் தோல்வி. எனக்கு மட்டும் தலைக்குள் 58 லட்சம் டாலர். எங்களைவிட ஏழெட்டு வயசு பெரியவர், மாஸ்கோக்காரர், அதே பனியில் நடக்கிற ஆள். நமக்கென்ன குறைச்சல்?

நண்பனிடம் ஐம்பது டாலர் மாற்றி வாங்கி ஆரம்பித்தேன். ஜனவரிக்குள் 340 ஆகிவிட்டது. அதைத் திறமை என்றே நினைத்தேன். பிப்ரவரியில் அப்பா கல்லூரிக் கட்டணம் அனுப்பினார், 1,400 டாலர். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைத்த பணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். கட்டணம் கட்டக் கடைசித் தேதி மூன்று வாரம் தள்ளி இருந்தது. அதற்குள் இரண்டாயிரமாக்கிவிடலாம் என்று கணக்கு. நண்பன் அரை டாலர் மேசையில் உட்கார்கிறவன், நான் இரண்டு டாலர் மேசையில் போய் உட்கார்ந்தேன். ஒருமுறை உட்கார 200 டாலர். ஒன்பது நாள்.

கடைசிக் கையைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ள முடிந்திருந்தால் எனக்கு இந்தப் பதினாறு பதினேழு வருடம் கொஞ்சம் லேசாகப் போயிருக்கும். விடிகாலை நாலு மணி. கையில் ஏஸும் ராஜாவும். மேசையில் ஒன்பது, ஆறு, மூணு. என்னிடம் ஒரு ஜோடிகூட இல்லை. எதிராளி மொத்தத்தையும் தள்ளினான். போட்டுவிட்டுப் போயிருக்கலாம், கையில் 140 டாலராவது மிச்சம். "இவன் பிளஃப்தான் பண்றான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அழுத்தினேன். அவனிடம் இரண்டு ஒன்பது இருந்தது.

மறுநாள் அந்த ஒன்பது நாள் ஆட்டத்தின் பதிவையும் நண்பனிடம் காட்டினேன். "டிஸ்பெர்சியா" என்று சொல்வான், தோளில் தட்டுவான் என்று எதிர்பார்த்தேன். ஒரு மணி நேரம் படித்தான். "இதுல டிஸ்பெர்சியா எங்கயும் இல்ல. எல்லாம் நீதான்" என்றான்.

அப்பாவுக்குப் போன் போட்டு, "பேங்க்ல பணம் நிக்குதுப்பா, கொஞ்சம் லேட்டாகும்" என்று சொன்னேன். "சரிப்பா, வேணும்னா நான் இங்க பேங்க்ல போய்க் கேக்கட்டா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதப்போவதில்லை. டெகனாட்டில், அதாவது டீன் அலுவலகத்தில், கட்டணம் கட்டாதவர்கள் பெயர்ப் பட்டியலை வாசலில் ஒட்டுவார்கள். பத்து நாள் என் பெயர் அதில் இருந்தது. நண்பன் 600 டாலர் வட்டியில்லாமல் கொடுத்தான். தன் நோட்டில் அதையும் ஒரு வரி எழுதிக்கொண்டான். மீதியைச் சீனியர்களிடம் பிச்சை எடுத்தேன். அடுத்த வருடம் முழுக்கப் புதிதாக வரும் மாணவர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருகிற வேலை பார்த்து அடைத்தேன்.

எனக்குச் சூதாட்ட நோய் இருந்தது என்று யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். அதற்கப்புறம் நான் ஒரு கைகூட ஆடவில்லை. நோய் இருப்பவர்கள் வேறு, அவர்களை நான் மருத்துவமனையில் பார்க்கிறேன். எனக்கு இருந்தது பேராசை.

சரி, ரஷ்யாவில் படித்ததாகச் சொல்லிவிட்டேன், இனி கமெண்டில் "காசு கொடுத்து வாங்குன டிகிரியா சார்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். அவருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் படித்தவர்கள் இந்தியா வந்ததும் 300 கேள்வி கொண்ட ஒரு தேர்வு எழுதி 150 எடுக்க வேண்டும். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. நான் இரண்டாவது முறையில் தேறினேன். உள்ளூரில் படித்தவர்கள் அந்தத் தேர்வை எழுத வேண்டியதே இல்லை. எழுதச் சொல்லிப் பார்த்தால் தெரியும் சேதி. பத்து வருடமாகப் பிரசவ வார்டிலும் அவசர சிகிச்சையிலும் நின்றிருக்கிறேன். இன்னமும் ஒரு புது டாக்டர் வந்ததும், "சார் ரஷ்யா" என்று அறிமுகப்படுத்துகிறார்கள், ஏதோ நான் வோட்கா கம்பெனி மாதிரி. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் எழுத இடம் கிடைத்தது.

கேள்விக்கு வருகிறேன். டெமிடோவின் வாழ்க்கையில் உங்கள் தம்பி பார்க்காத பகுதி 2008க்குப் பிறகு வருவது. நேரடிப் போட்டிகளில் அவர் சம்பாதித்ததில் பெரும்பங்கு அந்த ஒரே வருடத்தில் வந்ததுதான். அதற்கப்புறமும் ஆடினார், பெரிய தளம் ஒன்று தன் அணியில் சேர்த்துக்கொண்டது, ஆனால் அந்த உயரம் திரும்ப வரவில்லை. இன்றைக்கு அந்தப் பெயரைக் கூகுளில் போட்டால் கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடுகிற இருபது வயசுப் பையன் ஒருவன்தான் முதலில் வருகிறான். அவரை ஜெயித்த ஈஸ்ட்கேட் 91 லட்சம் டாலர் வாங்கிய இரண்டே வருடத்தில், 24 வயசில், போதும் என்று விலகினார். போட்டியில் வென்ற பிரேஸ்லெட்டை இணையத்தில் ஏலம்விட்டுப் பணத்தை யூனிசெஃபுக்குக் கொடுத்தார். அப்புறம் திரும்பி வந்தார், அது வேறு கதை. ரஷ்ய மொழியில் இப்படிப் பெரிய பரிசு ஒன்று தட்டுவதை 'ஸனோஸ்' என்பார்கள். வண்டி பனியில் வழுக்கிப் பாதையைவிட்டுப் போவதற்கும் அதே சொல்தான்.

டெமிடோவ் ஒருவர் மட்டும் இல்லை. அலெக்சாண்டர் கிராவ்சென்கோ 2007இல் அதே முதன்மைப் போட்டியில் நாலாவது. விட்டாலி லுங்கின் 2008, 2009 இரண்டு வருடமும் அதே தொடரில் அடுத்தடுத்து ஒவ்வொரு போட்டி ஜெயித்து பிரேஸ்லெட் பெற்றார், இரண்டாவது 40,000 டாலர் கட்டணப் போட்டியில். 2007இல் ரஷ்ய அரசே போக்கரை விளையாட்டு என்று பதிவு செய்திருந்தது. மாஸ்கோவில் நோவி அர்பாத் தெருவில் ராத்திரி நடந்தால் சூதாட்ட விடுதிகளின் விளக்கு வெளிச்சத்தில் பனியே சிவப்பும் பச்சையுமாகத் தெரியும். 2009 ஜூலை 1 அன்று நாடு முழுக்க அத்தனையையும் மூடினார்கள். தூரத்தில் நாலு மண்டலம் ஒதுக்கினார்கள், அன்றைக்கு அங்கே ஒரு விடுதிகூடத் திறந்திருக்கவில்லை. விளையாட்டு என்ற பதிவையும் அதே வருடம் ரத்து செய்தார்கள். போன வருடம்வரை வீரன், இந்த வருடம் சூதாடி. 2017இல் சோச்சியில் விடுதி திறந்து பெரிய போட்டிகள் வர ஆரம்பித்தன. 2022இல் உக்ரைன் போர், போக்கர்ஸ்டார்ஸ் என்கிற பெரிய ஆன்லைன் தளம் ரஷ்யாவைவிட்டு வெளியேறியது.

என் நண்பன் இன்னும் ஆடுகிறான். 2022இல் பக்கத்து நாடான ஜார்ஜியாவுக்குக் குடிபெயர்ந்து இப்போது அங்கே பத்துமி நகரத்தில் கடல் பக்கம் இருக்கிறான். பாட்டி இல்லை. முதுகு போய்விட்டது, எனக்கு எக்ஸ்ரே அனுப்பினான். வருமானம் எப்படி என்றால், "பேங்க்ல வேலை பாக்கற மாதிரி. லீவு மட்டும் என் இஷ்டம்" என்கிறான். நோட்டுக்குப் பதில் எக்செல். தூக்கம் என்ற கட்டம் இன்னமும் உண்டு. நான் பார்த்த முழுநேர போக்கர்காரன் இவன்தான், 58 லட்சக்காரர் அல்ல.

உங்கள் தம்பிக்கு இன்னொரு சிக்கல். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டம் என்று சொன்னதை அவன் வைத்துக்கொண்டு வாதாடலாம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும், திறமையோ அதிர்ஷ்டமோ, சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. பிறகு எங்கே ஆடுவான்? கோவாவிலா? அப்படியே வென்றாலும் 30 சதவிகிதம் வரி, தோற்றதைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. டெமிடோவ் காலத்து ரஷ்யாவில் வருமான வரி மொத்தமே 13 சதவிகிதம்.

தம்பியைத் திட்டாதீர்கள். திட்டினால் இன்னும் ஆடுவான், எனக்குத் தெரியும். நோட்டு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஐம்பதாயிரம் கைக்குக் கணக்கு காட்டட்டும், ஜெயித்ததும் தோற்றதும் சேர்த்து. ஜெயித்த நாளின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் காட்டினால், அப்பா அனுப்புகிற கல்லூரிப் பணம் நேரே கல்லூரிக் கணக்குக்குப் போக ஏற்பாடு செய்துவிடுங்கள், அவன் கைக்குப் போக வேண்டாம்.

"ரம்மிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்" என்று கேட்கப்போகிறவர்களுக்கு நாளைக்குப் பதில் சொல்கிறேன். கீழே ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது.